யு/ஏ படத்துக்கு வாசற்காவலர் யார்? சென்சார் சான்றிதழும் நம் பிள்ளைகளும்

ரஜினிகாந்த் நடித்த 'கூலி' 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியானது. சண்டைக் காட்சிகளில் வன்முறை மிகுதி என்பதால் அந்தப் படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. சுதந்திர தினத்தையொட்டிய விடுமுறை நாட்கள் அவை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாம் என்று இருந்த குடும்பங்களுக்கு, 18 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற அறிவிப்புதான் காத்திருந்தது.

யு/ஏ சான்றிதழ் கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இதைவிட வன்முறை கூடிய படங்களுக்கெல்லாம் யு/ஏ கிடைத்திருக்கிறதே என்று 'கேஜிஎஃப்', 'பீஸ்ட்' ஆகிய படங்களை எடுத்துக்காட்டியது. சில காட்சிகளை நீக்கினால் யு/ஏ தரலாம் என்று சொன்னோம், நிறுவனம் அதற்கு உடன்படாமல் 'ஏ' சான்றிதழைப் பெற்றுக்கொண்டு படத்தையும் வெளியிட்டுவிட்டது என்று வாரியத் தரப்பு பதில் சொன்னது. ஆகஸ்ட் மாத இறுதியில் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது.

ஒரே ஓர் எழுத்துக்காக இவ்வளவு பெரிய நிறுவனம் நீதிமன்றம் வரை போகிறது என்றால், அந்த எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று புரிகிறது. ஆனால் படம் பார்க்கப் போகும் குடும்பங்களோ அந்த எழுத்தைக் கவனிப்பதே இல்லை. "யு என்றால் குடும்பப் படம், ஏ என்றால் ஆபாசப் படம்" என்ற அளவோடு நம்மில் பலரின் புரிதல் நின்றுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற யு/ஏ என்ற பெரிய வட்டத்தில்தான் நம் பிள்ளைகள் பார்க்கும் படங்களில் மிகப் பல அடங்குகின்றன. அதற்குச் சட்டத்தில் என்ன பொருள், அதில் பெற்றோரின் பொறுப்பு எது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

நான்கு எழுத்துகள், மூன்று வயதுகள்

இந்தியாவில் பொது இடத்தில் திரையிடப்படும் எந்தப் படத்துக்கும் 1952ஆம் ஆண்டின் ஒளிப்படவியல் சட்டப்படி மத்திய அரசின் வாரியம் சான்றிதழ் தர வேண்டும். மக்கள் வழக்கில் அது 'சென்சார் போர்டு'. 1983 முதல் அதன் அதிகாரபூர்வப் பெயர் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம். தலைமையகம் மும்பையில் இருக்கிறது. சென்னை உட்பட 9 நகரங்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன.

1983க்கு முன்பு 'யு', 'ஏ' என இரண்டே வகைகள்தாம் இருந்தன. அந்த ஆண்டு முதல் 'யு/ஏ', 'எஸ்' ஆகியவையும் சேர்ந்தன. இன்றைய நிலை இதுதான்:

யு: எல்லா வயதினரும் பார்க்கலாம்.

யு/ஏ: எல்லோரும் பார்க்கலாம், ஆனால் குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரின் வழிகாட்டுதல் தேவை.

ஏ: 18 வயது நிரம்பியவர்கள் மட்டும்.

எஸ்: மருத்துவர்கள், அறிவியலாளர்கள் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு மட்டும். பொதுமக்கள் இதைப் பார்க்க நேர்வது அரிது.

நாற்பது ஆண்டுகளாக யு/ஏ என்பதற்கு 12 வயது என்ற ஒரே கோடுதான் இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் ஒரே எச்சரிக்கை. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கோ எந்த எச்சரிக்கையும் கிடையாது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற திருத்தச் சட்டம் இதை மாற்றியது. இப்போது யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என மூன்று பிரிவுகள். இதற்கான புதிய விதிகள் 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. அதற்கு முன்பு சான்றிதழ் பெற்ற படங்களில் எண் இல்லாமல் வெறும் யு/ஏ என்று மட்டுமே இருக்கும் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

வாசலில் யாரை நிறுத்துவார்கள்?

நம் குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இடம் இது.

'ஏ' படத்துக்கு 18 வயது நிரம்பாத ஒருவரை அனுமதிப்பது திரையரங்கின் குற்றம். அதற்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வாப்பாவும் உம்மாவும் கூடவே இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. "எங்கள் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாசலில் நின்று வாதாடுவதில் பயனில்லை. அனுமதி மறுக்கும் ஊழியர் சட்டப்படியான தன் வேலையைத்தான் செய்கிறார்.

யு/ஏ படத்தின் நிலை இதற்கு நேர் எதிர். யு/ஏ 16+ படத்துக்கு பத்து வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போனால் திரையரங்கு தடுக்காது. தடுக்க அதற்கு அதிகாரமும் இல்லை. யு/ஏ வயதுக் குறிப்பு பெற்றோர் அல்லது பாதுகாவலரின் முடிவுக்கு உதவுவதற்காகவே, அவர்களைத் தவிர வேறு எவரும் அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று 2023 திருத்தச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "உள்ளே விட்டார்கள், அப்படியானால் பிள்ளைகள் பார்க்கலாம் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே விட்டது பிள்ளைக்கு ஏற்ற படம் என்பதால் அல்ல. முடிவை உங்களிடம் சட்டம் ஒப்படைத்துவிட்டதால். நாம் பிள்ளைகளை அமானிதம் என்று சொல்கிற சமுதாயம். ஒப்படைக்கப்பட்டதைக் கவனிக்காமல் விடுவது எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். சிங்கப்பூரில் 'என்சி16' என்றால் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உள்ளே விடவே மாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடு ஊருக்கு விடுமுறையில் வருபவர்கள், இங்கே யு/ஏ 16+ என்று இருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடும். எண் ஒன்றுதான், பொருள் வேறு. அங்கே காவல் திரையரங்கிடம், இங்கே நம்மிடம்.

சான்றிதழை முடிவு செய்வது எப்படி?

படம் முடிந்ததும் தயாரிப்பாளர் இணையவழியில் வாரியத்துக்கு விண்ணப்பிக்கிறார். ஆலோசனைக் குழு உறுப்பினர்களும் வாரிய அலுவலர் ஒருவரும் அடங்கிய ஆய்வுக் குழு படத்தைப் பார்க்கிறது. அந்த முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் படம் மறுஆய்வுக் குழுவுக்குப் போகும். அதற்கும் மேலே முன்பு ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டுவிட்டதால் இப்போது உயர் நீதிமன்றம்தான் அடுத்த படி. 'கூலி' வழக்கு நேரே உயர் நீதிமன்றத்துக்கு வந்தது அதனால்தான்.

1991இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் எதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியலிடுகின்றன. வன்முறையை மேன்மைப்படுத்துவது, குழந்தைகளை வன்முறைக்கு உள்ளாக்கும் காட்சிகள், குடிப்பழக்கத்தையும் போதையையும் கவர்ச்சியாகக் காட்டுவது, பெண்களை இழிவுபடுத்துவது, மதம் அல்லது இனம் சார்ந்த மக்களை அவமதிக்கும் காட்சிகளும் சொற்களும் எல்லாம் அதில் உண்டு. ஒரு காட்சியைத் தனியே பிய்த்துப் பார்க்காமல், முழுப் படமும் ஏற்படுத்தும் தாக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றும் அந்த நெறிமுறைகள் சொல்கின்றன.

நடைமுறையில் இதில் பேரமும் நடக்கிறது. தயாரிப்பாளருக்கு யு/ஏ வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் வந்தால்தான் வசூல். வாரியம் சில காட்சிகளை வெட்டச் சொல்லும், சில சொற்களை ஒலியில்லாமல் செய்யச் சொல்லும். இந்த வெட்டுகளுக்கு ஒப்புக்கொண்டால் 'ஏ' படம் யு/ஏ ஆகிவிடும். கத்திக்குத்து காட்டும் நொடிகள் குறைந்திருக்கும், கதையின் போக்கு அப்படியே இருக்கும்.

தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் இதற்குப் பின்னால் வரியும் இருந்தது. 2011 ஜூலை முதல், தமிழ்ப் படம் ஒன்றுக்குக் கேளிக்கை வரி விலக்கு கிடைக்க வேண்டுமானால் 'யு' சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று மாநில அரசு நிபந்தனை வைத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை 'யு' என்ற எழுத்துக்காகத் தயாரிப்பாளர்கள் படாத பாடு பட்டார்கள். அந்த ஆண்டுகளில் வந்த படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்து, "இதற்கெப்படி யு கொடுத்தார்கள்?" என்று வியந்தவர்களுக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

சான்றிதழ் சொல்லாதது எது?

சான்றிதழ் வயதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. படம் நல்லதா, உண்மையா, ஒரு சமூகத்தை நியாயமாகக் காட்டுகிறதா என்பதற்கெல்லாம் அது நற்சான்று அல்ல.

இதை நம் சமுதாயம் 2013இல் நேரில் கண்டது. கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' யு/ஏ சான்றிதழ் பெற்ற படம். முஸ்லிம்களைச் சித்தரித்த விதத்தை எதிர்த்து முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு குரல் கொடுத்தது. ஜனவரியில் மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு பிறப்பித்ததால் தமிழ்நாட்டில் படம் வெளியாகவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே டிவிஷன் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. இறுதியில் பேச்சுவார்த்தையில் ஏழு இடங்களில் ஒலியை நீக்க உடன்பாடு ஏற்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது.

அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே விவாதிக்க வரவில்லை. அதன் தொடர்ச்சியாக நடந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2013 பிப்ரவரி மாதமே மத்திய அரசு ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2016இல் இயக்குநர் ஷ்யாம் பெனகல் தலைமையில் இன்னொரு குழு அமைந்தது. யு/ஏ வகையை வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும் என்ற பரிந்துரை இந்தக் குழுக்களிடமிருந்து வந்ததுதான். ஏழு, பதிமூன்று, பதினாறு என்று இன்று போஸ்டரில் நாம் பார்க்கும் எண்களுக்குப் பின்னால் பத்து ஆண்டு விவாதம் இருக்கிறது.

இதற்கும் முன்னால் ஒரு வழக்கு உண்டு. எழுத்தாளரும் இயக்குநருமான குவாஜா அகமது அப்பாஸ் நான்கு நகரங்களைப் பற்றி எடுத்த 'சார் ஷஹர் ஏக் கஹானி' என்ற குறும்படத்தில், மும்பையின் பாலியல் தொழில் பகுதியைக் காட்டியதற்காக 'யு' மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1970 செப்டம்பரில் தலைமை நீதிபதி எம். ஹிதாயதுல்லா எழுதிய தீர்ப்பு, திரையிடும் முன் தணிக்கை செய்வதும், வயது வந்தோர் படம் என்று தனியே பிரிப்பதும் அரசியல் சாசனத்துக்கு உட்பட்டவைதாம் என்று உறுதி செய்தது. மற்ற கலைகளைவிடச் சினிமா மனித உணர்ச்சிகளை ஆழமாகத் தொடுகிறது, எனவே அதைத் தனியாகப் பார்க்கலாம் என்பதே அடிப்படை வாதம். சமூகத்தின் உண்மை நிலையைக் காட்டிய படத்துக்கும் 'ஏ' வரலாம், பொய்யைக் காட்டிய படத்துக்கும் 'யு' வரலாம் என்பதை அப்பாஸின் அனுபவம் நமக்கு நினைவூட்டுகிறது.

எனவே 'ஏ' என்று கண்டதும் ஆபாசம் என்று முடிவு செய்ய வேண்டாம். 'யு' என்று கண்டதும் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம்.

மலை ஏறும் வேனும் கையில் இருக்கும் கைபேசியும்

சான்றிதழ் முறை திரையரங்கை மனதில் வைத்து உருவானது. டிக்கெட் கிழிப்பவர் ஒருவர் வாசலில் நிற்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. அந்த வாசல் இல்லாத இடங்களில் என்ன ஆகும்?

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே போக வேண்டும். மலைக் கிராமத்துக் குடும்பம் ஒன்று புதுப் படம் பார்ப்பதற்காக இத்தனை வளைவுகளையும் இறங்கி நாமக்கல் வந்து, 'ஏ' படம் என்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு நாள் வீண். கிளம்பும் முன் ஒரு நிமிடம் சான்றிதழைப் பார்த்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

எதிர்த் திசையில் யோசித்துப் பாருங்கள். பெருநாள் விடுமுறையில் சொந்தபந்தங்கள் சேர்ந்து வேன் பிடித்துக் கொல்லிமலைக்குச் சுற்றுலா போகிறார்கள். வேனில் டிவி இருக்கிறது. பெரியவர்கள் பேச்சிலும் தூக்கத்திலும் இருக்க, முன் வரிசையில் சிறு பிள்ளைகள். என்ன படம், என்ன சான்றிதழ் என்று யாரும் கேட்பதில்லை. திரையரங்கில் பிள்ளையை வெளியே நிறுத்தியிருக்கக் கூடிய அதே படம் வேனில் தலைக்கு மேலே ஓடலாம். பயணம் புறப்படும்போதே "பிள்ளைகள் இருக்கிறார்கள், யு படம் போடுங்கள், இல்லாவிட்டால் டிவியே வேண்டாம்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடலாம்.

வேனைவிடப் பெரிய திறந்த வாசல் கைபேசி. திரையரங்குக்கே போவதில்லை என்று உறுதியாக இருக்கும் வீடுகளும் நம் சமுதாயத்தில் நிறைய. அந்த வீடுகளிலும் கைபேசி இருக்கிறது.

ஓடிடி தளங்களுக்காகவே எடுக்கப்படும் தொடர்களுக்கும் படங்களுக்கும் சென்சார் வாரியம் சான்றிதழ் தருவதில்லை. அந்தந்தத் தளமே தன் படைப்புகளை வகைப்படுத்திக்கொள்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்து வகைகளை வகுத்தன. யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும், 'ஏ' வகைக்கு வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. பூட்டைத் தருவது தளத்தின் வேலை. பூட்டுவது நம் வேலை. பின் நம்பர் போடாத பூட்டு, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட வீடு போன்றது.

யூடியூபில் வரும் டீசர், டிரெய்லர்களுக்கும் வாரியச் சான்றிதழ் தேவையில்லை. திரையரங்கில் காட்டும் டிரெய்லருக்குத்தான் அது தேவை. 'ஏ' படத்தின் மிகக் கடுமையான காட்சிகள் ஒன்றரை நிமிடத்தில் தொகுக்கப்பட்டு, கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் திரையில் அடுத்ததாக வந்து நிற்பது இதனால்தான்.

தொலைக்காட்சியில் ஓரளவு கட்டுப்பாடு இருக்கிறது. 'ஏ' படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. காட்சிகளை நீக்கி, தொலைக்காட்சிக்கென்று தனிச் சான்றிதழ் பெற வேண்டும். அதுவும் எப்போதும் கிடைப்பதில்லை. 2024 இறுதியில் வந்த 'மார்கோ' என்ற மலையாளப் படத்துக்கு வன்முறை காரணமாகத் தொலைக்காட்சி அனுமதி மறுக்கப்பட்டது.

வீட்டில் செய்யக் கூடியவை

டிக்கெட் பதிவு செய்யும் முன் சான்றிதழைப் பாருங்கள். டிக்கெட் செயலிகளில் படத்தின் பெயரை ஒட்டியே அது இருக்கும், போஸ்டரிலும் இருக்கும். எழுத்தோடு நிறுத்தாமல் எண்ணையும் பாருங்கள். வீட்டில் இருக்கும் மிகச் சிறிய பிள்ளையின் வயதோடு அதை ஒப்பிடுங்கள்.

மொழிமாற்றுப் படமாக இருந்தால் தமிழ்ப் பதிப்பின் சான்றிதழைப் பாருங்கள். மொழிப் பதிப்புகள் தனித்தனியே சான்றிதழ் பெறுவதும் உண்டு.

ஏன் இந்தச் சான்றிதழ் என்று தேடிப் பாருங்கள். ஓடிடியில் தொடக்கத்திலேயே வன்முறை, போதைப்பொருள், தகாத சொற்கள் என்று காரணம் காட்டப்படும். திரையரங்குப் படங்களுக்கு விமர்சனங்களைப் படிக்கலாம், ஏற்கெனவே பார்த்த பெரியவர் ஒருவரிடம் கேட்கலாம்.

ஓடிடி கணக்கில் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவை உருவாக்குங்கள். பெரியவர்களின் பிரிவுக்குப் பின் நம்பர் போடுங்கள். அந்த எண் பிள்ளையின் பிறந்த நாளாக இருக்க வேண்டாம்.

'ஏ' படத்துக்குச் சிறுவர்களை அனுமதிக்கும் திரையரங்கு இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்கலாம். சென்னையில் காவல் ஆணையரிடம் கொடுக்கலாம். திரையரங்கு உரிமம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஓடிடியில் தவறான வயதுக் குறிப்பைக் கண்டால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம்.

கடைசியாக, பிள்ளைகளிடம் காரணத்தைச் சொல்லுங்கள். "பார்க்கக் கூடாது" என்பதோடு நிறுத்தினால், நண்பன் வீட்டிலோ பள்ளி வேனிலோ அதைப் பார்க்க வழி தேடுவார்கள். பதினாலு வயதுப் பையனிடம் யு/ஏ 16+ என்றால் என்ன, அந்தப் படத்துக்கு ஏன் அது கொடுக்கப்பட்டது என்று உட்கார்ந்து பேசினால், அவனே தன் தம்பிக்கு எது பொருந்தும் என்று பார்க்கத் தொடங்குவான். முஸ்லிம்களைத் தவறாகச் சித்தரிக்கும் படமொன்றை எங்கோ பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கும் மகளிடமும் அப்படித்தான். எந்தச் சான்றிதழும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. அதற்கான பதில் வீட்டில்தான் கிடைக்க வேண்டும்.

18 வயதுக்கான வாசலைத் திரையரங்கு காக்கிறது. அதற்குக் கீழே உள்ள 7, 13, 16 ஆகிய மூன்று வாசல்களுக்கும் சட்டம் நியமித்திருக்கும் ஒரே காவலர் பெற்றோர்தான்.